கல்யாண வேட்டியில் ஒட்டிய கரி

கண்ணு,

நேற்று நீ போனில், "அம்மா, அப்பாவுக்கு எடுத்த பட்டு வேட்டி பீரோல பத்திரமா இருக்கா?" என்று கேட்டதும், "டவர் இல்ல சாமி, டவர் இல்ல" என்று கத்திவிட்டு வைத்தேனே, டவர் இருந்தது. கேத்தியில் மழை பிடித்தால் கரண்ட் இருக்காது, சில நாள் ரோடே இருக்காது. ஆனால் நேற்று டவர் ஜம்மென்று இருந்தது. வேட்டிதான் பீரோவில் இல்லை. அது எங்கே போயிற்று, ஏன் போயிற்று என்று சொல்லத்தான் இந்தக் கடிதம். போனில் சொன்னால் பாதியில் "மீட்டிங் வந்துருச்சும்மா" என்பாய். கடிதத்துக்கு மீட்டிங் வராது. ஐந்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள் எழுதுவது, எங்காவது கால், கொம்பு விட்டுப்போயிருந்தால் நீயே போட்டுக்கொள். கல்யாணத்துக்கு முன்னால் பிள்ளைக்கு அம்மாக்காரி புத்தி சொல்ல வேண்டுமாம். புத்தி சொல்கிற அளவுக்கு எனக்குப் புத்தி கிடையாது. திட்டத் தெரியும். அதனால் திட்டுகிறேன், நிதானமாக உட்கார்ந்து வாங்கிக்கொள்.

முதலில் உன் வேலையைப் பற்றி. பெண் பார்க்கக் குன்னூர் போனோமே, அன்றைக்குச் சம்பந்தியம்மா ஆசையாகத்தான் கேட்டார்கள், "தம்பி, பூனாவுல என்ன வேலைங்க பாக்கறீங்க?" என்று. நீ ஆரம்பித்தாய். லூப்ரிகன்ட் என்றாய், பார்ட்டிகிள் என்றாய், நானோ என்றாய். காபி ஆறி ஆடை கட்டிவிட்டது. அந்தம்மா பாவம், தலையை ஆட்டி ஆட்டிக் கழுத்து வலித்திருக்கும். கடைசியில் என்னைச் சமையல்கட்டுக்கு இழுத்துப்போய், "ஏனுங்க, மாப்பிள்ளை ஒர்க்‌ஷாப்புங்களா?" என்று காதில் கேட்டார்கள். "இல்லீங்க, எஞ்சின்ல வர்ற கரியை எடுத்துப் பாக்கறான். எந்த ஆயில் ஊத்துனா எப்படிக் கரி வரும்னு பாக்கறது அவன் வேலை" என்றேன். "அட, அவ்வளவுதானுங்களா!" என்றார்கள். அவ்வளவேதான். நீ காபி ஆறும் வரைக்கும் சொன்னதை நான் ஒரு மூச்சில் சொன்னேன். நான் சொன்னதில் பாதி தப்பாக இருக்கலாம். ஆனால் அந்தம்மாவுக்கு மூச்சு வந்தது.

சரி, பத்திரிகை கொடுக்கவென்று லீவு போட்டு வந்தாய். மஞ்சள் தடவிய பத்திரிகைக் கட்டு மேசைமேல் அப்படியே கிடக்க, வந்ததும் வராததுமாக நீ போய் நின்றது நம் கேரட் மெஷின் ஷெட்டில். மாமியார் ஊட்டு நினைப்பில் மெஷினையே மறந்திருப்பாய், ஞாபகப்படுத்துகிறேன். தோட்டத்திலிருந்து கேரட் மண்ணோடு மூட்டையில் வரும். இரும்பு டிரம்மில் கொட்டினால் டிரம் சுற்றும், தண்ணீர் அடிக்கும், மறுபக்கம் இப்போதுதான் பிறந்ததுபோல் பளபளவென்று வந்து விழும். டிரம்மைச் சுற்றுகிறவர் நம் பழைய டீசல் எஞ்சின். உன்னைப் படிக்கவைத்ததும் அந்த ஆசாமிதான். நீ அவரிடம் நலம் விசாரிக்கவில்லை. மூடியைத் திறந்தாய், குச்சியை விட்டு ஆயிலைத் தொட்டு மோந்து பார்த்தாய், முகம் சுளித்தாய். "என்னம்மா ஊத்தறே இதுல?" என்றாய். நான் ஒளிக்கவில்லை. லாரிக்காரர் மிச்சம் வைத்த ஆயில், டிராக்டருக்கு வாங்கியதில் மீந்தது, அப்பா ஸ்கூட்டருக்கு வாங்கியதில் அடியில் தங்கியது, எல்லாம் ஒரே கேனில். எல்லாம் ஆயில்தானே. "அம்மா, இது ஆயிலா, கூட்டுக்குழம்பா?" என்று தலையில் அடித்துக்கொண்டாய். அதுவரை சரி. அன்றைக்கு நீ பேசியதிலேயே மனுஷருக்குப் புரிகிற ஒரே வாக்கியம் அதுதான்.

அப்புறம் பையிலிருந்து வட்ட வட்டமாக வெள்ளைக் காகிதம் எடுத்து ஷெட் முழுக்க ஒட்டினாய். டிரம் பக்கம், தகரத்தில், தூணில். மறுநாள் எல்லாம் கறுத்திருந்தன. அந்த நேரம் பார்த்துப் போஜன் அண்ணன் பிக்கப்பில் மூட்டையோடு வந்தார். இந்தப் பள்ளத்தாக்கில் அவர் எங்கே கேரட் கழுவுகிறாரோ அங்கேதான் மற்ற எல்லோரும் கழுவுவார்கள் என்பது உனக்குத் தெரியாததா? அவர் உன் காகிதங்களைப் பார்த்து, "என்ன மாப்பிள்ளை, கல்யாணத்துக்கு அப்பளம் காயப்போட்டிருக்கியா? கருகிப்போச்சே!" என்றார். சிரித்துவிட்டு ஒரு பத்திரிகையை நீட்டியிருக்கலாம். நீ என்ன செய்தாய்?

"இல்லீங்க மாமா. ஆயில்ல இருக்கற ஜிங்க், கால்சியம், பாஸ்பரஸ் எல்லாம் கரியோட சேர்ந்து வருதுங்க. அதான் படிஞ்சிருக்கு."

"எங்க வருது?"

"சுத்துவட்டாரம் பூராவும்தானுங்க."

"கேரட்டுக்குமா?"

"சான்ஸ் இருக்குங்க."

அந்தச் சமயத்தில் உன் போன் அடித்தது. குன்னூர் போன். முகமெல்லாம் பல்லாக ஓடைப் பக்கம் போய்விட்டாய். அவர் அந்தக் காகிதத்தைக் கையில் பிடித்தபடியே நிற்கிறார். "தங்கச்சி, பாஸ்பரஸுன்னா தீக்குச்சி மருந்தில்ல?" என்றார். எனக்கென்ன தெரியும்? "பையன் வந்துருவான் அண்ணா, அவனையே கேளுங்க" என்றேன். பையன் வரவில்லை. பையன் ஓடைக்கரையில் கல்லை எட்டி உதைத்து எட்டி உதைத்துப் பேசிக்கொண்டிருக்கிறான். அவர் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, இறக்கிய மூட்டையை மறுபடி ஏற்றிக்கொண்டு மண்ணோடு போய்விட்டார். மண்ணோடு வந்த மூட்டை மண்ணோடு திரும்பிப் போனதை நான் அன்றைக்குத்தான் முதல்முதலாகப் பார்த்தேன். நீ திரும்பி வந்து, "மாமா போயிட்டாரா?" என்று கேட்டாயே, அந்தக் கேள்விக்கே உன்னை அந்த டிரம்மில் போட்டு ஒரு சுற்று சுற்றியிருக்க வேண்டும்.

மறுநாள் நீ பூனாவுக்குக் கிளம்பிவிட்டாய். அதற்குள் பாலாடா பஜார் டீக்கடையில், "அந்தம்மா மெஷின்ல தீக்குச்சி மருந்து கலக்குதாம்" என்று ஆகியிருந்தது. சாயங்காலம், "பெத்த பையனே சொல்லிட்டானாம்" என்று ஆயிற்று. பெற்ற பையன் சொன்னால் அப்புறம் யார் மறுப்பது? எல்லா மூட்டையும் கீழே இருக்கிற மெஷினுக்குப் போயிற்று. அந்த மெஷின் எஞ்சினும் நம்முடையதுபோல் கரி கக்குவதுதான். அவர்களுக்குக் காகிதம் ஒட்டுகிற மகன் இல்லை, வேறு வித்தியாசம் கிடையாது. தரம் பிரிக்கிற ராணியும் சரசுவும் வந்து, காலி சாக்கை மடித்து மடித்து வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தார்கள். ராணி என் முகத்தைப் பார்க்காமல், "அக்கா, நாளைக்கு வரட்டுங்களா, வேண்டாங்களா?" என்றாள். நான் எப்போதும்போல், "வராம எங்க போவே, உம் மாமியாகிட்டயா?" என்று கிண்டல் செய்து அனுப்பினேன். அனுப்பிவிட்டுத்தான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். இந்த அறுப்பு முழுக்கக் கீழே போய்விட்டால் அடுத்த அறுப்புக்கு அந்தப் பாதையே அவர்களுக்குப் பழகிவிடும். அப்புறம் நம் மெஷின் பழைய இரும்புக் கடைக்குத்தான். உன் அப்பா இருக்கிறாரே, பேக்டரி ஸ்டோரில் நட்டு போல்ட்டோடு பேசிப் பழகியவர், ஆறுதல் சொன்னார்: "எஞ்சின் சத்தம் இல்லாம எனக்கு மத்தியானத் தூக்கமே வரல புள்ள." இதற்கு நான் என்ன செய்யட்டும், ஊட்டுக்குள் உட்கார்ந்து டுபுடுபு என்று கத்தட்டுமா?

வேலை இல்லாத கைக்கு விளக்குமாற்றைக் கொடுத்து ஷெட்டைக் கூட்டினேன். எஞ்சினை முடுக்கும் இடத்துக்குப் பக்கத்துத் தூணில், ராணியும் சரசுவும் மடித்து அடுக்கிய சாக்குக்குப் பின்னால், உன் வெள்ளைக் காகிதம் இன்னொன்று இருந்தது. மற்றதெல்லாம் டிரம் உயரத்தில் ஒட்டியிருந்தாய். இது மட்டும் என் மூக்குக்கு நேராக இருந்தது. நான் தினமும் காலையில் வந்து நின்று, டிரம்மையும் தண்ணீரையும் பார்த்துக்கொண்டு நிற்கிற இடம். இதோடு வைத்துப் பார்த்தால் மற்ற காகிதமெல்லாம் வெறும் சாம்பல் நிறம்தான். இது அடுப்பில் விழுந்த அப்பளம். விரலால் தொட்டால் பிசுபிசுவென்று ஒட்டியது. நீ எதற்காக ஷெட்டில் காகிதம் ஒட்ட வந்தாய் என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது. அந்த வாரம் பூராவும் நான் இருமிக்கொண்டிருந்தேன், நீ ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்பதற்குப் பதிலாகக் காகிதம் ஒட்டியிருக்கிறாய்.

எனக்கு அழுகை வரும் என்று நினைத்தாயாக்கும். கோபம்தான் வந்தது. சின்ன வயதிலிருந்தே உனக்கு இதே வழக்கம். பள்ளிக்கூடத்தில் போர்டு தெரியவில்லை என்று வாயைத் திறந்து சொல்லாமல், டிவிக்கு மூக்கு ஒட்டுகிற தூரத்தில் போய் உட்கார்ந்துகொண்டாய். நாங்களாகக் கண்டுபிடித்துக் கண்ணாடி போட வேண்டியதாயிற்று. காய்ச்சல் வந்தால் தெர்மாமீட்டரைக் கொண்டுவந்து என் சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொள்வாய். உன் அப்பா காபி வேண்டுமென்றால் டம்ளரைக் கவிழ்த்து அடுப்புப் பக்கம் வைப்பார், அதே ரத்தம். கேரட்டில் கரி என்று ஊரார்க்கு உரக்கச் சொல்ல வாய் வந்தது, உன் நெஞ்சுக்குள் புகை போகிறதே அம்மா என்று என்னிடம் சொல்ல வாய் வரவில்லை. நாளைக்குக் குன்னூர்ப் பெண் வந்து குடித்தனம் நடத்துவாள். அவளுக்கு உடம்பு சரியில்லையென்றாலும் சுவரில் காகிதம்தான் ஒட்டுவாயா? அவள் என்னைப்போல் சாக்கை நகர்த்திப் பார்க்கிற ரகமா இல்லையா என்று எனக்கு இன்னும் தெரியாது.

அந்தக் காகிதத்தைப் பார்த்த கையோடுதான் அன்றைக்கு உனக்குப் போன் போட்டு, "கரியைப் பத்திப் போஜண்ணனுக்குச் சொல்ற மாதிரி எனக்குச் சொல்லு" என்று கேட்டேன். நீ வாட்ஸப்பில் இங்கிலீஷில் தலகாணித் தண்டிக்கு ஒரு புத்தகத்தை அனுப்பினாய். கட்டைவிரல் வலிக்கத் தள்ளித் தள்ளிப் பார்த்தேன். அதில் எனக்குப் புரிந்தது உன் பேர் ஒன்றுதான். மறுபடி போட்டேன். "சின்ன வயசுல உனக்குக் கண்மை செய்ய விளக்கெண்ணெய் விளக்குமேல தட்டைக் கவுத்துக் கரி பிடிப்பனே, அதையே சீமெண்ணெய் விளக்குல பிடிச்சா வேற மாதிரி கரி வருமே, அந்த மாதிரியா கண்ணு?" என்றேன். "பாதி அப்படிம்மா. மீதி அப்படியில்ல" என்றாய். அப்புறம் சொன்னாய் பார், அதுதான் பேச்சு. டீசல் மட்டும் எரிந்தால் கரி உலர்ந்த பொடியாக வரும். தேய்ந்த எஞ்சின் ஆயிலையும் இழுத்துக் குடிக்கும். குடித்ததில் கொஞ்சம் எரியும், மீதி ஆவியாகி, வெளியே வந்து குளிர்ந்ததும் கரிமேலேயே பூசிக்கொள்ளும், பிசுபிசுப்பு அதனால்தான். ஆயிலில் கலக்கிற மருந்தில் உலோகம் இருக்கிறது. அது எரிந்து மறையாது, சாம்பலாகிக் கரியோடு ஒட்டிக்கொண்டு வரும். ஆயிலில் என்ன கலந்திருக்கிறதோ அதற்குத் தக்கபடி கரியின் குணமும் பருமனும் மாறும். பழைய ஆயிலில் அழுக்கைப் பிரித்து வைக்கிற மருந்து தீர்ந்துபோனால் கரி உள்ளேயே திரண்டு எஞ்சினைத் தேய்க்கும், தேய்ந்தால் இன்னும் குடிக்கும். குடிகாரன் கதைதான். "அப்ப என்ன செய்யணும்?" என்றேன். "குடிக்கறதையும் குறைக்கணும்மா, குடிக்கற ஆயிலும் சாம்பல் கம்மியா, எஞ்சினுக்கு ஏத்ததா இருக்கணும். பழசை ஒரு சொட்டு விடாம எறக்கிருங்க" என்றாய். இதைப் போஜன் அண்ணனிடம் அன்றைக்கே சொல்லியிருந்தால் மனுஷன் எஞ்சினைக் கழற்ற ஸ்பானர் எடுத்துக் கொடுத்திருப்பார்.

குன்னூரில் ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்குப் போய், "சாம்பல் கம்மியான ஆயில் குடுங்க" என்றேன். கடைக்காரர், "அக்கா, ஆயில் வேணுமா, விபூதி வேணுமா?" என்று கேட்டுவிட்டு அவரே சிரித்தார். உனக்குப் போன் போட்டுக் கடைக்காரர் காதில் வைத்து, நீ சொன்னதையே வாங்கிவந்தேன். வாங்கிய விலைக்கு அதைத் தலையில் தேய்த்துக் குளித்திருக்கலாம். அதனால் பழைய கூட்டுக்குழம்பை இறக்க மனசு வரவில்லை. பாதியை வைத்துக்கொண்டு மேலே புதுசை ஊற்றினேன். உன் அப்பா கோயிலுக்குக் கட்டுகிற வேட்டியை டிரம்முக்குப் பக்கத்தில் தொங்கவிட்டு, காலி டிரம்மை ஒரு நாள் பூராவும் ஓட்டிப் பார்த்தேன். சாயங்காலம் வேட்டியில் கருமேகம் இறங்கியிருந்தது. சோப்பு போட்டுக் கல்லில் அடித்தேன். அந்தக் கரி போகாமல் அகலமாகப் பரவியது. நீ சொன்ன அதே பிசின். உன் அப்பா வந்து பார்த்தார். "ஏம்புள்ள, இது என்ன?" "வேட்டிங்க." "அது தெரியுது. ஏன் இப்படி இருக்குது?" "உங்க பையன் பேச்சைப் பாதி கேட்டேனுங்க, அதான்." நட்டு போல்ட்டோடு பேசுகிறவர் அன்றைக்கு என்னோடு ரொம்ப நேரம் பேசினார்.

அப்புறம்தான் முழுசாகக் கேட்டேன். மெக்கானிக்கைக் கூட்டிவந்து எஞ்சினைப் பிரித்து, ஆயிலை உள்ளே விட்டுக்கொண்டிருந்த தேய்ந்த பிஸ்டன் ரிங்கை மாற்றி, பழைய ஆயிலைச் சொட்டுச் சொட்டாக வடித்து, புதுசை ஊற்றினோம். புகைக்குழாயைக் கூரைக்குமேல் ஏற்றி, காற்று ஓடைப் பக்கம் கொண்டுபோகிற மாதிரி திருப்பினோம். எல்லாம் ஆயிற்று. ஆனால் சொன்னால் யார் நம்புவது? பழைய துணியைத் தொங்கவிட்டால் அது முன்னாடியே அழுக்கு என்பார்கள். இந்த ஊட்டில் சந்தேகத்துக்கு இடமில்லாத வெள்ளை ஒன்றுதான் இருந்தது, பீரோவில், கற்பூரத்தோடு. எடுத்துக்கொண்டு போய்ப் போஜன் அண்ணன் ஊட்டு வாசலில் நின்றேன். "அண்ணா, இது எம் பையன் கல்யாணத்துக்கு அவங்கப்பா கட்டப்போற வேட்டி. இன்னிக்கு டிரம் பக்கத்துல கட்டப்போறேன். நீங்களே வந்து அவுத்துப் பாருங்க. கறுத்திருந்தா நானே மெஷினை நிறுத்திடறேன்" என்றேன். அவர் வேட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "தங்கச்சி, உனக்குப் பைத்தியமா?" என்றார். "பையன் மூலமா வந்த பைத்தியம்" என்றேன்.

ஆள் வந்தார். வந்தது மட்டுமில்லை, டீக்கடையையே கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். எஞ்சின் ஓடியது. உன் அப்பா ஷெட்டுக்குள் வர மறுத்து, ரோட்டில் நின்று முதுகைக் காட்டிக்கொண்டிருந்தார். சாயங்காலம் போஜன் அண்ணனே வேட்டியை அவிழ்த்தார். பால்போல் இருந்தது என்று உன்னிடம் பொய் சொல்லமாட்டேன். மெல்லிசாகச் சாம்பல் படிந்திருந்தது. நான் அவர் கையையே பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் ஒரு உதறு உதறினார். பொடியாகப் பறந்தது. இன்னொரு உதறு. முக்கால்வாசி போய்விட்டது. அவர் பெருவிரலால் கரை ஓரத்தில் அழுத்தித் தேய்த்துப் பார்த்தார். அந்த இடம் மட்டும் கட்டைவிரல் அகலத்துக்குச் சாம்பல் நிறமாக நின்றுவிட்டது. "ஒட்டல தங்கச்சி. உதிருது" என்றார். "மாப்பிள்ளை ஏன் இதை அன்னிக்கே சொல்லல?" "அவனுக்குக் குன்னூர்ல இருந்து போன் வந்துருச்சுங்கண்ணா" என்றேன். அவர் சிரித்தார், எல்லோரும் சிரித்தார்கள். மறுநாள் காலையில் முதல் பிக்கப் அவருடையது. ராணி என்னைக் கேட்காமலேயே வந்து நின்றாள். கீழ்மெஷின்காரர்கூட, ஆயில் பேர் என்ன என்று ஆள் விட்டுக் கேட்டார். சொல்லி அனுப்பினேன், பழசைப் பாதி வைக்காதீர்கள் என்பதையும் சேர்த்து.

எல்லாம் சரியாகிவிட்டது என்று இருந்துவிடாதே. நான் நிற்கிற தூணில், உன் காகிதம் இருந்த அதே இடத்தில், நீ விட்டுப்போன வெள்ளைக் காகிதம் ஒன்றை ஒட்டியிருக்கிறேன். கறுக்கத்தான் செய்கிறது, முன்னைப்போல் இல்லை. இருமலும் இருக்கிறது, முன்னைப்போல் இல்லை. நானும் இப்போது தள்ளித்தான் நிற்கிறேன். இதையெல்லாம் நீ கேட்டிருந்தால் போனிலேயே சொல்லியிருப்பேன். நீ கேட்கவில்லை, நானும் கிண்டலடித்தே காலத்தை ஓட்டிவிட்டேன்.

இனி வேட்டி விஷயம். நாலு தரம் அலசிக் கொடியில் போட்டிருக்கிறேன், கரை ஓரத்தில் அந்தப் பெருவிரல் தடம் போகவில்லை. உன் அப்பா அதைத்தான் கட்டப்போகிறார். வேறு எடுத்து அனுப்புகிறேன் என்று சொல்லாதே, அனுப்பினாலும் நான் பிரிக்கமாட்டேன். மண்டபத்தில் சம்பந்தியம்மா கண்ணில் அது படாமல் போகாது, அந்தம்மா பார்வை அப்படி. "ஏனுங்க மாப்பிள்ளை, அப்பா வேட்டியில என்னங்க கறை?" என்று கேட்பார்கள். லூப்ரிகன்ட், நானோ என்று ஆரம்பித்தாயோ, தொலைந்தாய். "எங்கம்மா நிக்கற எடத்துல கரி வந்துட்டிருந்துச்சுங்க, எனக்குப் பயமா இருந்துச்சுங்க" என்று ஆரம்பி. அங்கே ஆரம்பித்தால் ஆயில், சாம்பல், போஜன் மாமா பெருவிரல் எல்லாம் தானாகப் பின்னால் வரும். உன் பெண்டாட்டியும் பக்கத்தில் நின்று கேட்டுக்கொள்வாள். டவர் இல்லை என்று சொல்லித் தப்பிக்கலாம் என்று மட்டும் நினைக்காதே. அன்றைக்கு நான் உனக்கு ஒரு கை தூரத்தில்தான் நின்றுகொண்டிருப்பேன்.

உன் அம்மா